பிரான்ஸ் உதவியால் விடுதலை பெற்ற அமெரிக்கா, பிரிட்டனோடு பிரான்ஸ் மோதிய 1793 போரில் ஏன் அதற்குக் கைகொடுக்கவில்லை?

நன்றி மறந்ததுபோலத் தோன்றும். 1778 ஒப்பந்தப்படி பிரான்ஸ் நட்பு நாடுதான். ஆனால் அமெரிக்காவிடம் அப்போது கடற்படையே இல்லை; சுங்க வருமானத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சரக்கில்தான் வந்தது. ஏப்ரல் 22 அன்று அதிபர் வாஷிங்டன் நடுநிலை அறிவித்தார்.

அதே மாதம் அமெரிக்கத் துறைமுகமான சார்ல்ஸ்டனில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தூதர் ஜெனே, பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடிக்கச் சொல்லி அங்கேயே தனியார் கப்பல்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்தார். பிரான்ஸை நேசித்த வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சனே பொறுமை இழந்தார். அப்புறம் 1797-இல் பாரிஸ் போன அமெரிக்கத் தூதர்களிடம், பேச்சைத் தொடங்கவே அமைச்சர் தாலேராந்தின் ஆட்கள் லஞ்சம் கேட்டார்கள். பிரிட்டனோ, அமெரிக்கக் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பிடித்துப்போய்த் தன் கடற்படையில் சேர்த்தது.

இரு பக்கமும் பட்ட அடிதான், என் பார்வையில், 1823-இல் அதிபர் மன்றோ ஐரோப்பாவை எட்டி நிற்கச் சொன்னதற்கு வேர்.