142857: சுழலும் எண்ணுக்குப் பரிசு விழுமா?

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். அங்கே லாட்டரி விற்கும் ஒருவர் 142857 என்ற டிக்கெட்டைக் காட்டி, "இது சுழலும் எண், எதால் பெருக்கினாலும் இதே இலக்கங்கள்தான் வரும், பரிசு நிச்சயம்" என்கிறார். செல்போனில் பெருக்கியும் காட்டினார். விலைக்கு மேல் 250 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. எண் அபூர்வமானதுதான். ஆனால் அதற்கும் குலுக்கலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

2-ஆல் பெருக்கினால் 285714, 3-ஆல் 428571, 6-ஆல் 857142. வரிசை மாறுவதில்லை, தொடங்கும் இடம்தான் மாறுகிறது. காரணம் ஏழு. ஒரு கிலோ ஏலக்காயை ஏழு பேர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 142 கிராம், 857 மில்லிகிராம், அதற்கு மேலும் ஒரு துளி. தாளில் 1-ஐ 7-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். ஈவு 1, 4, 2, 8, 5, 7 என்றும், மீதி 3, 2, 6, 4, 5, 1 என்றும் வரும். 1 வந்ததும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம், மறுபடி அதே சுற்று. 2-ஆல் பெருக்குவது 1-க்குப் பதில் 2-ஐ 7-ஆல் வகுப்பது போலத்தான்; அதே சுற்றில் வேறு இடத்தில் ஏறுகிறோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் 0.14 என்று எழுதி, 'தோராயமாக' என்று முடித்துவிடுகிறார்கள். முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. மீதியைக் கவனிக்கச் சொல்லித் தந்திருந்தால் இந்த எண்ணைக் காட்டி யாரும் உங்களிடம் காசு பறிக்க முடியாது.

'எதால் பெருக்கினாலும்' என்பது பொய். 7-ஆல் பெருக்கச் சொல்லுங்கள், 999999 வரும். 8-ஆல் பெருக்கினால் 1142856. முன்னால் இருக்கும் 1-ஐ எடுத்துக் கடைசி 6-உடன் கூட்டி, "பாருங்கள், 142857" என்பார்கள். அதுவும் மாயம் இல்லை. எட்டு மடங்கு என்பது ஏழு மடங்கும் ஒரு மடங்கும், அதாவது 999999-உம் 142857-உம். 999999 என்பது பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு. அந்தப் பத்து லட்சம்தான் முன்னால் 1 ஆக நிற்கிறது, குறைந்த ஒன்று கடைசி இலக்கத்தில் குறைகிறது. எடுத்து ஒட்டினால் சரியாகத்தானே வரும்?

சரி, குலுக்கலுக்கு வருவோம். 100000 முதல் 999999 வரை ஆறு இலக்க எண்கள் 9 லட்சம். குலுக்கலில் பெருக்கல் எதுவும் நடப்பதில்லை. 142857-க்கு உள்ள வாய்ப்புதான் 538206-க்கும்.

அப்புறம் இதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. "டிக்கெட் என்னிடமே இருக்கட்டும், போட்டோ அனுப்புகிறேன்" என்பார்கள். ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் கையில் இல்லாதவருக்குப் பரிசும் இல்லை. வாங்கினால் அங்கேயே பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கம்பத்துக்கே கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1967 முதல் அரசாங்கமே லாட்டரி விற்கிறது, இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. இரண்டுக்கும் நடுவே தரகர் சம்பாதிக்கிறார், மாட்டிக்கொள்வது கூலிக்குப் போகிறவர்கள். இதை எந்த அதிகாரியும் ஜீப் ஸ்டாண்டில் வந்து எடுத்துச் சொல்வதில்லை.

டிக்கெட்டிலேயே விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.