கிட்டங்கி இருந்தது, பெட்டியடி இல்லை

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். வங்கியில் 33 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 59. என் தம்பி மகன் இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். வருகிற லீவில் ஜெர்மனிக்குப் போய் நாலு வாரம் ஜெர்மன் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரு கன்சல்டன்சியில் மூன்றரை லட்சம் கேட்கிறார்கள். "ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம், நாலு வாரத்தில் பேச வைத்துவிடுவார்கள், அந்த சர்டிபிகேட் இருந்தால் எம்.எஸ். சீட் சுலபம்" என்று சொன்னார்களாம். தம்பி பணம் கட்டத் தயாராகிவிட்டான். கட்டலாமா?

இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. 1984-ல் சென்னையில் கல்லூரி சேர்ந்தபோது மார்க் வரும் என்று தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தேன். மார்க் வந்தது, பேச்சு வரவில்லை. கொரோனா சமயத்தில் பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். இப்போது பிரெஞ்சுச் செய்தி கேட்டால் பாதி புரிகிறது. பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் ஒரு மாதம் தங்கிப் படித்துவிட்டு வர ஆசை. எங்கள் வீட்டுக்காரர் "போயிட்டு வா" என்றார்கள். தம்பிதான் சிரித்தான். "இந்த வயசுல அங்க போயி யாருகிட்ட ஆச்சி பேசப் போறீக? பிள்ளைக்காவது படிப்புக்கு ஆகும்" என்றான். எங்க ஐயா பதினாலு வயதில் கப்பலேறி பர்மா போய், பர்மா பாஷையைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினவுக. பள்ளிக்கூடமா போய்ப் படித்தார்கள்?

பெயர் போட வேண்டாம். தம்பி உங்கள் தளத்தைத் தவறாமல் படிக்கிறவன்.

*

அன்புள்ள ஆச்சி,

இந்த வருஷம் போக வேண்டியது நீங்கள். தம்பி மகன் அடுத்த வருஷம் போகட்டும். இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் தம்பி மகன் செய்யப்போவதை நான் ஏற்கெனவே செய்து, பணத்தைக் கரைத்துவிட்டு வந்தவன்.

அப்போது எனக்கு 47. ஒரு எழுத்து தெரியாமல் ஜெர்மனிக்குப் போய் நாலு வார ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன், ஆசிரியை நன்றாகத்தான் நடத்தினார். காலையில் நாலு பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிஷம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் நான் சுதந்திரப் பறவை. தங்கியது சிநேகிதர் மகனின் வீட்டில். கோயம்புத்தூர்ப் பையன், கூட இன்னும் ரெண்டு தமிழ்ப் பையன்கள். ராத்திரி ரசம், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. வகுப்பில் 14 பேர், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் ஆங்கிலம் வரும், ஆகவே இடைவேளையில் எல்லாம் ஆங்கிலம். சாமான் வாங்குவது சூப்பர்மார்க்கெட்டில். நாமே எடுத்து, நாமே மெஷினில் காட்டி, வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிடலாம். தேவகோட்டைக்குத் திரும்பி வந்ததும் வீட்டில் கேட்டார்கள், "எங்க, ஒரு வார்த்தை பேசுங்க, கேப்போம்" என்று. 'மன்னிக்கணும்' என்பதற்கான சொல்தான் வந்தது. அங்கே நான் அதிகம் சொன்னது அதைத்தான்.

இனி உங்க ஐயாவுக்கு வருவோம். நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் பாஷை படித்த விதத்தைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோமே தவிர, அது எப்படி நடந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. பர்மாவிலோ மலேயாவிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ, நம்மவர்கள் சேர்ந்து தங்கி வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிக்குள் எல்லாம் தமிழ்தான். சமையலாள் தமிழ், கணக்குப் பேரேடு தமிழ், சாமி கும்பிடுவதும் தமிழ். அந்தக் கிட்டங்கியிலேயே இருந்திருந்தால் மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது உங்க ஐயாவுக்குப் பர்மா பாஷையில் நாலு வசவுதான் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் போனது பெட்டியடிப் பையனாக, அதாவது கொடுக்கல் வாங்கல் நடக்கும் பணப்பெட்டியடியில் உட்காரும் பையனாக. பெட்டியடிக்கு முன்னால் வந்து உட்கார்கிறவன் பர்மியக் குடியானவன். அவன் எவ்வளவு கேட்கிறான், எப்போது திருப்பிக் கொடுப்பான், சொல்வது நிஜமா என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து அவன் பாஷையில்தான் வரும். தப்பாக விளங்கிக்கொண்டால் முதலாளியின் பணம் போய்விடும். இந்தப் பயம் ஒரு வாத்தியாரும் சொல்லித்தர முடியாததைச் சொல்லித்தரும். ஜெர்மனியில் எனக்குக் கிட்டங்கி இருந்தது. பெட்டியடி இல்லை.

அந்த வகுப்பிலேயே பெட்டியடியைத் தேடிக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார். ஜப்பானியர், வயது 71. வகுப்பில் வேறு ஜப்பானியர் கிடையாது, அவருக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது. தினமும் வகுப்பு முடிந்ததும் ஒரு ரொட்டிக்கடைக்குப் போய் ஒரே ஒரு ரொட்டி, ஒரு பழக்கடைக்குப் போய் ஒரே ஒரு ஆப்பிள், தபாலாபீசில் ஒரே ஒரு ஸ்டாம்பு என்று வாங்குவார். ஏன் மொத்தமாக வாங்கவில்லை என்று கேட்டேன். நாளைக்குப் பேச ஆள் வேண்டாமா என்றார். நாலாவது வாரம் அந்த ரொட்டிக்கடை அம்மாள் அவரிடம் தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். உங்கள் தம்பி 'இந்த வயசுல' என்று சொன்னதற்கு என் பதில் அவர்தான்.

அமெரிக்காவில் மிடில்பரி என்ற கல்லூரி 1915-லிருந்து கோடைகால மொழிப்பள்ளி நடத்துகிறது. முதலில் ஆரம்பித்தது ஜெர்மன். சேருகிறவர்கள் அங்கே இருக்கும் வாரங்கள் முழுக்கப் படிக்கும் மொழியைத் தவிர வேறு பேசுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு மேஜையிலும் விளையாட்டிலும் அதே விதிதான். கடல் தாண்டாமலே, ஆங்கிலம் பேசும் நாட்டுக்குள்ளேயே பெட்டியடியைக் கட்டிவிட்டார்கள். நான் கடல் தாண்டிப் போய்க் கிட்டங்கிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது தம்பி மகன் விஷயம். வங்கிக்காரரான உங்களுக்குக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். வாரம் 20 பாடவேளை, நாலு வாரம் என்றால் 80. ஜெர்மன் சொல்லித்தரும் கோத்தே நிறுவனமே ஏ1 என்ற முதல் படிக்கு 80 முதல் 200 பாடவேளை என்கிறது. ஓரளவு தடுமாறாமல் பேசுகிற பி1-க்கு 350 முதல் 650. ஆக மூன்றரை லட்சம் செலவழித்து, ரொம்பக் கெட்டிக்காரனாக இருந்தால், ஏ1-ன் வாசலில் நிற்பான். அந்த ஏ1-ஐ அதே கோத்தே நிறுவனத்தின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனிலேயே, வேண்டுமானால் ஆன்லைனில் வீட்டிலிருந்தபடியே, இதில் ஒரு சிறு பங்கு செலவில் படித்துவிடலாம். 'பெயர் என்ன, ஊர் என்ன, இது மேஜை, அது நாற்காலி' என்று கற்றுக்கொள்ள ஐரோப்பாவுக்குப் போவது, நீச்சல் உடுப்பு வாங்கக் கடலுக்குப் போகிற மாதிரி.

அந்த சர்டிபிகேட் சமாசாரமும் அரைகுறைதான். வகுப்பு முடிந்தால் கிடைப்பது 'வந்திருந்தார்' என்கிற சான்று. பல்கலைக்கழகங்கள் கேட்பது தேர்வு எழுதி வாங்கிய சான்று. ஜெர்மனில் நடக்கும் படிப்புக்கு டெஸ்ட்டாஃப் போன்ற பரீட்சை; அது ஏ1-லிருந்து மலை தூரம். ஆங்கிலத்தில் நடக்கும் எம்.எஸ். என்றால் வேறு கதை, அங்கே இந்த நாலு வாரம் சீட்டுக்கு உதவாது. கன்சல்டன்சியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்த மூன்றரை லட்சத்தில் பள்ளிக்கு எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு, அவர்களுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் பள்ளிகளே ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுப்பது சகஜம். பள்ளியிடம் நேரடியாகவும் பதிவு செய்யலாம். ரெண்டு பக்கமும் வட்டி வாங்குகிறவனை நம் ஊரில் என்ன சொல்வோம் என்று உங்களுக்குத் தெரியும்.

அவன் ஒரு வருஷம் இங்கே உட்கார்ந்து ஏ2 வரைக்குமாவது முடிக்கட்டும், பி1 என்றால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கோடைகால வகுப்புகளுக்கே விண்ணப்பிக்கலாம். ஒரு சிக்கல் உண்டு, தேதி. நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. அவர்கள் கோடை என்பது ஜூன் கடைசியில் தொடங்கும். பல்கலைக்கழக வகுப்புகள் பெரும்பாலும் அங்கே செமஸ்டர் முடிந்தபிறகு, ஆகஸ்ட், செப்டம்பரில் வரும், அப்போது இவனுக்கு இங்கே கல்லூரி திறந்திருக்கும். கல்லூரி அனுமதியை முதலிலேயே பேசிவிட வேண்டும். (அவன் பதினெட்டு தாண்டியவன் என்பதால் பெரியவர்கள் வகுப்புதான். பதினேழு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகக் கோடை முகாம்கள் உண்டு. காலையில் பாடம், மத்தியானம் விளையாட்டு, கூடவே பார்த்துக்கொள்ள ஆட்கள். அவை வேறு ரகம்.)

உங்கள் விஷயத்துக்கு முன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் அமெரிக்க மாணவர்களுக்குக் கோடையில் தமிழ் சொல்லித்தருகிறது. அங்கே படிக்க வந்த ஒரு பெண், கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அவள் ஊரிலேயே ஒரு வருஷம் தமிழ் படித்துவிட்டு வந்தவள். பஸ்ஸில் கண்டக்டரிடம் "ஐயா, இப்பேருந்து காரைக்குடி செல்லுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் எழுந்து நின்றுவிட்டாராம், யாரோ பெரிய அதிகாரி என்று. எங்கள் ஆத்தா வெள்ளைப் பணியாரம் ஊற்றிக் கொடுத்ததும் "மிகவும் சுவையாக உள்ளது" என்றாள். ஆத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பிடிச் சொல்லக்கூடாது. நல்லாருக்கு ஆச்சி, இன்னொண்ணு போடுங்கன்னு சொல்லணும்" என்று திருத்தினார்கள். சாயங்காலம் வரைக்கும் விடவே இல்லை. உப்பு, கரண்டி, வளவு, இரண்டாம் கட்டு, 'வந்தாக, போனாக' எல்லாம் ஆத்தா பாடம். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வந்தாள். வாசலிலேயே "என்ன ஆச்சி, நல்லாருக்கீகளா?" என்றாள். அந்த ஒரு வருஷப் படிப்பு இல்லாவிட்டால் ஆத்தா திருத்த அங்கே ஒன்றுமே இருந்திருக்காது. ஆத்தா இல்லாவிட்டால் அவள் இன்னும் பேருந்தில்தான் போய்க்கொண்டிருப்பாள்.

உங்களிடம் அந்த ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. 1984-ன் மார்க் வீண் போகவில்லை. செய்தி பாதி புரிகிறது என்றால் ஏ2-வைத் தாண்டியிருப்பீர்கள். போகுமுன், பிரெஞ்சு சொல்லித்தரும் பாண்டிச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸுக்கு ஒரு நடை போய், எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்று பார்க்கும் நிலைத்தேர்வு எழுதிவிடுங்கள். 1889-லிருந்து இருக்கிற இடம். முடிந்தால் அங்கேயே கொஞ்ச நாள் பேச்சுப் பயிற்சி எடுத்துத் துருவை உதிர்த்துவிட்டுப் போங்கள். பாண்டிச்சேரித் தெருவில் பிரெஞ்சு கேட்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அங்கேயும் தமிழ்தான்.

பிரான்ஸில் பாரிஸ் வேண்டாம். நீங்கள் தடுமாறினால் எதிராளி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். விஷியில் காவிலாம் என்று பிரெஞ்சு சொல்லித்தரும் ஒரு நிலையம் 1964-லிருந்து இருக்கிறது. பெசான்சோனில் பல்கலைக்கழகத்தின் மொழி மையம் 1958-லிருந்து. இரண்டும் அடக்கமான ஊர்கள். ஹோட்டல், அபார்ட்மெண்ட் எல்லாம் வேண்டாம், ஒரு குடும்பத்தோடு தங்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். படிவத்தில் எழுதுங்கள்: வீட்டில் வயதான அம்மாள் ஒருவர் இருந்தால் நல்லது, வேறு இந்திய மாணவர் அதே வீட்டில் வேண்டாம், ராத்திரிச் சாப்பாடு அவர்களோடு. உங்களுக்கு வேண்டியது அந்த ஊர் ஆத்தா ஒருவர். ஜூலையில் போங்கள். ஆகஸ்டில் அவர்களே லீவு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள், ரொட்டிக்கடைகூடப் பூட்டிக் கிடக்கும்.

கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். நம் வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று சொல்லாமல் விட்டால் எப்படியோ அப்படி. 'நீ, நீங்க' வித்தியாசமும் அவர்களுக்கு உண்டு. 'ஆக' போட்டுப் பேசிப் பழகின உங்களுக்கு அது தானாக வரும். இட்லிப்பொடி எடுத்துப் போங்கள், ஊறுகாய் பெட்டிக்குள் உடையும்.

விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாதான், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பதுதான் பாடு, ஏப்ரலுக்குள் வேலையை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் நீங்கள் அங்கிருந்து கிளம்பும் தேதிக்கு மேல் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பென்ஷன் ஆர்டரை எடுத்து வையுங்கள், திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தம்பி மகனுக்கு அந்த வசதி இல்லை.

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். பிரெஞ்சை எடுக்க வழி தெரியவில்லை. அதனால் உங்கள் தம்பிக்குத் தெரிந்துவிடும்.