சுவருக்கு இங்கிலீஷில் என்ன அடைமொழி? கேள்வி பதில்

தனுஷ்கோடி வழிகாட்டி: டீச்சர், பழைய தேவாலயத்தைக் காட்டி வெளிநாட்டுக்காரர்களிடம் 'புரோக்கன் வால்' என்கிறேன். சரியா?

தப்பில்லை, புரிந்துகொள்வார்கள். ஆனால் 'புரோக்கன்' என்றதும் அவர்களுக்குக் கண்ணாடியும் கோப்பையும்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே பவளக்கல்லுக்கு நடுவே காரை பொடிப்பொடியாக உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு 'கிரம்ப்ளிங் வால்'. இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விழுந்தே விட்டது என்றால் 'கொலாப்ஸ்டு'. 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்பதைச் சொல்ல 'ஸ்டில் ஸ்டாண்டிங்'. கூரை இல்லாததற்கு 'ரூஃப்லெஸ்' போதும்.

பாம்பன், விடுதி நடத்துபவர்: தங்கிப்போன ஒருவர் 'டேம்ப் வால்ஸ்' என்று எழுதிவிட்டார். சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே?

தண்ணீர் பட்டு நனைந்தது 'வெட்'. 'டேம்ப்' என்பது நம் ஓதம், அதாவது சொட்டாமல் சுவரில் ஊறி நிற்கும் ஈரம். (கடல் அலைக்கும் ஓதம் என்று பெயர் உண்டு; நம் ஊருக்கு இரண்டும் பொருத்தம்தான்.) சுவரில் உப்புப் பூத்திருந்தால் 'சால்ட் ஸ்டெயின்ஸ்'. 'ஃப்ளவர்' போட்டுவிடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், கட்டடக்காரர்கள் அதற்குச் சொல்லும் 'எஃப்ளோரசன்ஸ்' லத்தீனில் பூப்பது என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பெயின்ட் உரிந்தால் 'பீலிங் பெயின்ட்'. பதில் எழுதுவதற்கு முன் சுவரை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

தங்கச்சிமடம், கொத்தனார்: வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன். எதெல்லாம் தெரிந்திருக்கணும்?

நம் 'காம்பவுண்டு வால்' வெளியே பல இடங்களில் 'பவுண்டரி வால்'. மேல்தளத்தின் பாரம் தாங்குவது 'லோட்-பேரிங் வால்', வெறும் தடுப்பு 'பார்ட்டிஷன் வால்'. 'நாக் டவுன்' என்றால் இடிக்கச் சொல்கிறார்கள். இடிப்பது இந்த இரண்டில் எது என்று கேட்டுவிட்டுச் சம்மட்டியை எடுங்கள்.

மண்டபம், கல்லூரி மாணவி: தூண்டில் வளைவை 'சீ வால்' என்று எழுதியதற்கு மார்க் குறைத்துவிட்டார்கள், மேடம்.

குறைத்தது நியாயம்தான் அம்மா. கரையோரமாகவே நீளவாட்டில் போய் அலையைத் தடுப்பது 'சீ வால்'. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி மணலைப் பிடித்து வைப்பது தூண்டில் வளைவு. அதற்கு இங்கிலீஷில் 'க்ராய்ன்'. அதில் 'வால்' சேராது.

மறுபடியும் வழிகாட்டி: 'கிரம்ப்ளிங்'கில் பி ஒலிக்குமா டீச்சர்?

ஒலிக்கும். ரொட்டித்தூளுக்குச் சொல்லும் 'கிரம்'மில்தான் பி ஊமை.