ரோபோவா, திறந்த அறுவையா: எதைக் கேட்க வேண்டும்

அப்பாவுக்கு 64 வயது, புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 7 (திசுச் சோதனையில் புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்). புராஸ்டேட் சுரப்பியை ரோபோ மூலம் அகற்றக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கிக் கட்டாதீர்கள் என்பேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரோபோ அறுவையையும், வயிற்றைக் கீறிச் செய்யும் திறந்த அறுவையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான இரண்டாண்டு முடிவில் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலியல் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரோபோவில் இரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம், அவ்வளவுதான்.

யார் செய்கிறார் என்பதுதான் பெரிய விஷயம். திறந்த அறுவை குறித்து 2007இல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவர் ஏறக்குறைய 250 அறுவைகளை முடிக்கும்வரை நோய் திரும்பும் விகிதம் குறைந்துகொண்டே வந்தது. எனவே "இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து நரம்பு. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இருபுறமும் ஒட்டியே ஓடுகின்றன. கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தால், அந்தப் பக்க நரம்பைக் காக்கப்போய்ப் புற்றுநோயை உள்ளேயே விட்டுவிடும் ஆபத்து உண்டு. எம்ஆர்ஐ படத்தைக் காட்டி, எந்தப் பக்கத்தைக் காப்பாற்றலாம் என்று கேளுங்கள். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கலாம். அப்பாவிடம் இதைப் பேசச் சங்கடமாக இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் விட்டுவிடுங்கள்.