எழுத்துரு மாறினால் வாசிப்பு எளிதாகுமா?

கே: டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள என் மகனுக்கு, அதற்கென்றே வடிவமைத்த எழுத்துரு வாங்கித் தரலாமா?

ப: காசு செலவழிக்க வேண்டாம், ஓப்பன்டிஸ்லெக்சிக் என்ற அப்படியொரு எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலத்தின் சின்ன பி-யும் சின்ன டி-யும் குழப்பக் கூடாதென்று எழுத்தின் அடிப்பாகத்தைத் தடிமனாக்கியிருப்பார்கள். டிஸ்லெக்சியா உள்ள டச்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் போயர் 2008-ல் உருவாக்கிய ‘டிஸ்லெக்சி’ என்ற எழுத்துருவும் இதே வழிதான். ஆனால் சோதித்தபோது பலன் பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்த கொஞ்சமும் வடிவத்தால் அல்ல, அகலமான இடைவெளியால் என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. சிக்கல் பெரும்பாலும் கண்ணில் இல்லை, எழுத்தை ஒலியோடு இணைப்பதில்தானே! சரி, இருக்கிற எழுத்துருவிலேயே அளவையும் இடைவெளியையும் கூட்டிப் பாருங்கள். தமிழில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியாததாக எடுங்கள். அப்புறம், பையன் வேறொன்றைக் கேட்டால் அதையே வையுங்கள்.