ஆம்புலன்ஸ் யாரிடம் வாங்குவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அறக்கட்டளைக்கு ஆம்புலன்ஸ் வாங்க மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று கம்பெனியிலேயே தயாராகி வருவது. மற்ற இருவர் பாடி கட்டித் தருபவர்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் மூன்று கொட்டேஷனிலும் வண்டி எந்த ‘டைப்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏ.ஐ.எஸ். 125 என்ற தேசிய ஆம்புலன்ஸ் விதி நான்கு வகைகளைச் சொல்கிறது. ‘ஏ’ முதலுதவியாளர் விரைந்து போய்ச் சேர்வதற்கான வண்டி. ‘பி’ நோயாளியை ஏற்றிச் செல்ல மட்டும். ‘சி’ அடிப்படை உயிர்காப்பு, ‘டி’ வென்டிலேட்டர் வரை உள்ள உயர்நிலை உயிர்காப்பு. வெறுமனே ‘ஐ.சி.யூ. ஆம்புலன்ஸ்’ என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பி, வகையைக் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் ‘பி’க்கும் இன்னொருவர் ‘டி’க்கும் விலை சொல்லியிருந்தால் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அடுத்து டைப் அப்ரூவல் சான்றிதழ், அதாவது அந்த மாடல் விதிப்படி சோதித்து ஒப்புதல் பெற்றது என்பதற்கான சான்று. புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஓரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை மையங்கள் தருவது. சான்றிதழ் இருக்கிறது என்ற வாய்வார்த்தை போதாது. நகலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். நீங்கள் வாங்கும் அதே மாடல், அதே வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம்), அதே டைப் அதில் இருக்க வேண்டும். நீள வீல்பேஸ் வண்டிக்கு வாங்கிய சான்றிதழைக் குட்டை வண்டிக்குக் காட்டுவது சாதாரணமாக நடக்கிறது. பணம் முழுக்கக் கொடுத்தபின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் அது தெரியவரும்.

உள்ளூர் ஓட்டத்துக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் என்றால் மாருதி ஈக்கோ அளவுள்ள ‘பி’ வண்டி போதும், சந்துக்குள் நுழையும். ஆனால் கூரை தாழ்வு. ஓடும்போது நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். செய்ய வாகாக இடம் கிடைக்காது. மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ ஆபத்தான நிலையில் உள்ளவர்களைக் கொண்டுபோவதாக இருந்தால் ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

கம்பெனி வண்டியில் காகிதத் தொல்லை குறைவு. ஆலையிலேயே முழுதாகப் பொருத்தி வரும் ஆம்புலன்ஸுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கொட்டேஷன் அதற்கு முந்தையதா என்று தேதியைப் பாருங்கள். உள்ளமைப்பை உங்கள் தேவைக்கேற்ப மாற்ற வேண்டுமென்றால் பாடி கட்டுபவரிடம் போகலாம். வேலை நடக்கும்போது பட்டறைக்குள் வந்து பார்க்கச் சம்மதிப்பவராக இருந்தால் மட்டும்.

கேள்வி: பட்டறைக்குப் போய் என்ன பார்க்க வேண்டும்? எங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உள் பேனல் அடிப்பதற்கு முந்தைய நாள் போங்கள். பேனல் மூடிவிட்டால் பளபளப்பு மட்டுமே தெரியும்.

ஒயர்கள் தகட்டில் உள்ள துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால் வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்துவிடும். ஆக்சிஜன் இருக்கும் வண்டியில் ஒரு சின்னத் தீப்பொறி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கு, சக்ஷன் (சளி, இரத்தம் உறிஞ்சும் கருவி), இன்வெர்ட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ் வேண்டும்.

ஸ்ட்ரெச்சர் பூட்டும் இடத்தைக் குனிந்து, வண்டிக்கு அடியிலிருந்து பாருங்கள். போல்ட் வெறும் தரைத் தகட்டில் நிற்கிறதா, அல்லது கீழே கனமான இரும்புப் பட்டை கொடுத்திருக்கிறார்களா? ஐரோப்பிய ஆம்புலன்ஸ் தரமான இ.என். 1789, எடையைப் போலப் பத்து மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. 70 கிலோ நோயாளி, 40 கிலோ ஸ்ட்ரெச்சர் என்றால் மோதும் நொடியில் அந்த போல்ட்டுகள் மேல் 1,100 கிலோ விழுகிறது. வெறும் தகடு கிழிந்துவிடும். நோயாளியின் உயிர் தொங்குவது இந்த நான்கைந்து போல்ட்டில்தான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆக்சிஜன் குழாய்க்கு எளிய சோதனை உண்டு. எல்லா அவுட்லெட்டையும் மூடி, சிலிண்டரைத் திறந்து குழாயில் அழுத்தம் ஏற்றி, சிலிண்டர் வால்வை மறுபடி மூடுங்கள். மீட்டர் அளவைக் குறித்துவைத்து, நிழலில் ஒரு மணி நேரம் விடுங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. அதை அடைக்க எண்ணெயோ கிரீஸோ தடவினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

தரை வினைல் ஒரே துண்டாக, ஓரங்களில் சுவரேறி இருக்க வேண்டும். ஒட்டுப் போட்டால் இரத்தமும் கழுவும் நீரும் இறங்கி அடியிலுள்ள பிளைவுட் ஊறும். அந்த நாற்றம் பிறகு போகாது. ஏ.சி.யை மாலையில் காட்டினால் ஏற்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஆக்சிஜன், பேட்டரி எவ்வளவு கேட்க வேண்டும்?
– வாசகர், கூடலூர்

பதில்: கணக்குப் போட்டுக் கேளுங்கள். பி டைப் சிலிண்டரில் (இங்கே பி, டி என்பது சிலிண்டர் அளவு, வண்டி வகை அல்ல) சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம்தான். கோவை வரை மலை இறங்கிப் போக அது போதவே போதாது. டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர், அதே வேகத்தில் 11 மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் சிலிண்டரே 60 கிலோவைத் தாண்டும். இரண்டு சிலிண்டரை ஒரே பக்கம் வைத்தால் கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்; எங்கே வைப்பார்கள் என்று வரைபடம் கேளுங்கள்.

வண்டி பேட்டரியோடு சேராமல் இரண்டாவது பேட்டரி கட்டாயம் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். இன்வெர்ட்டர் இழப்பும் போக கையில் நிற்பது ஏறக்குறைய 500 வாட்-ஹவர். வென்டிலேட்டர், மானிட்டர், சிரிஞ்ச் பம்ப் சேர்ந்து 250 வாட் இழுத்தால் எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மணி நேரம். இன்வெர்ட்டர் ‘ப்யூர் சைன் வேவ்’ (வீட்டு மின்சாரம் போலச் சீராகத் தருவது) ஆக இருக்கட்டும். மலிவானதில் மருத்துவக் கருவிகள் சூடாகும், அலாரம் அடிக்கும்.

கேள்வி: பழைய ஆம்னி வேனை ஆம்புலன்ஸாக மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், கமுதி

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்று கிடைக்காமல் வண்டி நிற்கும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

கேள்வி: பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?
– வாசகர், ஆரணி

பதில்: முன்பணம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அடுத்த தவணையை பேனலுக்கு முந்தைய சோதனை முடிந்த பிறகு கொடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் ‘ஆம்புலன்ஸ்’ என்று பதிவாகி வரும்வரை பத்து சதவீதமாவது கையில் இருக்கட்டும். டெலிவரி நாளன்று எல்லாக் கருவிகளோடும் எடை மேடையில் ஏற்றுங்கள். அந்த எடையோடு ஓட்டுநர், ஊழியர், நோயாளி, உடன் வருபவர் எடையைக் கூட்டினாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் நிற்க வேண்டும். சர்வீஸுக்கு வண்டிக்கு ஒருவர், ஏ.சி.க்கு ஒருவர், வென்டிலேட்டருக்கு ஒருவர் என்று கைகாட்டாமல், ஒரே பொறுப்பாளர் பெயரையும் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கருவிகளின் மதிப்பை இன்சூரன்ஸில் தனியாகக் காட்டுங்கள். காட்டாவிட்டால் வண்டிக்கு மட்டுமே இழப்பீடு வரும்.