கப்பலுக்கு நிறம் ஏற்றும் முன்

கேள்வி: முதன்முறையாக ஒரு மரக் கப்பல் மாதிரி செய்கிறேன். உடல் முழுக்கப் பலகை ஒட்டி, உப்புத்தாள் போட்டு, விரல் வழுக்கும் அளவுக்கு மழமழப்பாக்கினேன். மரத்துக்குள் ஊறி நிறம் தரும் ஸ்டெயினைப் பூசியதும் அங்கங்கே வெளிறிய திட்டுகள். இரண்டாம் முறை பூசியும் போகவில்லை. ஸ்டெயின் மட்டமானதா?

பதில்: ஸ்டெயின் மேல் தப்பில்லை. அந்தத் திட்டுகள் எல்லாம் பசை. வெள்ளை மரப்பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வெறும் மரத்தின் மேல் இருப்பதே தெரியாது. ஆனால் அது மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிட்டதால் ஸ்டெயின் உள்ளே இறங்காது. பத்து முறை பூசினாலும் அப்படித்தான்.

என் முதல் கப்பலில் இடது பக்கம், நீர்மட்டக் கோட்டுக்குச் சற்று மேலே, என் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருக்கிறது. பலகையை அழுத்திப் பிடித்தபோது விரலில் பசை இருந்திருக்கிறது. மூன்று மாத உழைப்பு. ஸ்டெயின் துணியை எடுத்த அந்த நிமிடத்தில் என் வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அதனால் உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: கத்தியின் அலகை நிமிர்த்திப் பிடித்து, திட்டு இருக்கும் இடத்தை மரத்தின் ரேகைப் போக்கிலேயே மெதுவாகச் சுரண்டுங்கள். பசை மெல்லிய சுருளாக வரும், மரம் தூளாக வரும். வித்தியாசம் கைக்கே தெரியும். பிறகு 150ஆம் எண் உப்புத்தாள், அப்புறம் அதைவிட நைசான 220. துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு உடல் முழுக்க ஒரு முறை துடையுங்கள். வெறும் மரம் கருக்கும், பசை இருக்கும் இடம் வெளிறியே நிற்கும். இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நன்றாக உலர்ந்த பிறகு ஸ்டெயின் பூசுங்கள்.

‘விரல் வழுக்கும் அளவுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் ஒரு காரணம். 400, 600 என்று போய்க்கொண்டே இருந்தால் மரம் மெருகேறி நிறம் குடிக்க மறுக்கும். ஸ்டெயினுக்கு 220 போதும். பாஸ்வுட் மாதிரி மென்மையான மரம் என்றால் இன்னொரு தொல்லை: ஓரிடத்தில் அதிகமாகவும் பக்கத்தில் குறைவாகவும் உறிஞ்சும், பலகையின் வெட்டுமுனைகள் கருத்துப்போகும். நன்றாக நீர்த்த ஷெல்லாக், அதாவது அரக்கு மெருகு, ஒரு பூச்சு கொடுத்துவிட்டு ஸ்டெயின் போட்டால் சமமாக இறங்கும். இதை முதலில் மிச்சத் துண்டில் செய்து பாருங்கள், அந்தத் துண்டும் அதே உப்புத்தாளில் தேய்த்ததாக இருக்கட்டும்.

சுரண்டிச் சுரண்டிப் பலகை மெலிந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அரை மில்லிமீட்டர் மேல்பலகை சீக்கிரம் ஓட்டையாகிவிடும். திட்டு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பகுதிக்கு வெள்ளை வண்ணம் பூசிவிடலாம். அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களின் அடிப்பகுதியிலும் மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்குப் பயந்து வெளிறிய பூச்சுதான் பூசியிருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ என்ற கப்பலில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. தகடு பரவலானது அதற்கும் பிறகுதான்.

கேள்வி: முன்முனையில் பலகையை வளைக்கும்போது ஒரு விளிம்பு மேலே எழும்பிக்கொள்கிறது. தண்ணீரில் ஊறவைத்தும் இரண்டு ஒடிந்துவிட்டன. என்ன செய்வது?

பதில்: பலகை தட்டையான பக்கமாக எவ்வளவு வேண்டுமானாலும் வளையும், விளிம்புப் பக்கமாக வளையவே வளையாது. நீங்கள் அதை விளிம்புப் பக்கமாகத் திருப்புகிறீர்கள், அது விளிம்பைத் தூக்கிக் காட்டுகிறது. ஊறவைத்தால் இது தீராது. பலகையை ஒடுக்க வேண்டும்.

ஒரு காகிதக் கீற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நடுவங்கில், அதாவது நடுவில் நிற்கும் விலாச் சட்டத்தில், முதல் பலகையின் கீழ்விளிம்பிலிருந்து ஏரா வரைக்கும், அதாவது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை வரைக்கும், அளந்து பாருங்கள். 100 மில்லிமீட்டர் வருகிறது, பலகை அகலம் 5 என்றால் 20 பலகை. அதே அளவை அணியத்தில், அந்த முன்முனையில்தான், எடுத்தால் 60 மட்டும் வரலாம். அந்த 60க்குள் அதே 20 பலகையும் அடங்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் அங்கே 3 மில்லிமீட்டராக ஒடுங்க வேண்டும். நடுவில் 5, முனையில் 3, இடையில் சீராகச் சரியும் ஒரு கோடு. அந்தக் கோட்டில் சீவிவிட்டால் பலகை தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். முதன்முறை அப்படிப் படுப்பதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை. பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் ஒடுக்காதீர்கள். அந்த நிலை வந்தால் இரண்டு பலகையை ஒன்றாகச் சேர்த்து ஒரு வரிசையைக் குறைத்துவிட வேண்டும். பின்பக்கம் நேர்மாறு: அங்கே இடைவெளி அகலும், ஆப்பு வடிவத் துண்டு வைத்து நிரப்ப வேண்டியிருக்கும்.

வங்குகளின் விளிம்பைச் சாய்த்துத் தேய்த்தீர்களா? புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை இது. ஒரு கீற்றை மூன்று நான்கு வங்குகளின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள். விளிம்பில் மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். இதில் இரண்டு மாலை போனால் போகட்டும்.

ஒன்றரை மில்லிமீட்டர் பலகைக்கு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறல் போதும். ஊறியதை அப்படியே ஒட்டாதீர்கள். வளைத்துக் கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்து சுருங்கும்போது பலகைகளுக்கு நடுவே இடுக்கு விழும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள், ஒரே பக்கமாக ஏறினால் ஏரா முறுக்கிக்கொள்ளும்.

இரட்டைப் பலகைக் கப்பல் என்றால் முதல் அடுக்கின் இடுக்குகளை மரமக்கால், அதாவது இடுக்கு நிரப்பும் பசைக்களிம்பால், அடைக்கலாம், அது மறைந்துவிடும். மேல் அடுக்கில் மக்கு வேண்டாம், அது மரம் மாதிரி நிறம் குடிக்காது. மரத்தூளில் பசை கலந்து அடைப்பார்கள். அதுவும் பசைதானே, தனியாகத் தெரியும். அதே பலகையிலிருந்து முடியளவு ஒரு சிம்பு சீவி இடுக்கில் செருகுங்கள்.

கேள்வி: வால்நட் பலகைக்கும் ஸ்டெயின் தேவையா?

பதில்: வேண்டாம். அதன் சொந்த நிறமே அழகு. ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள். எண்ணெய் சார்ந்த ஸ்டெயின் துடைத்த துணிக்கும் இதேதான்.